பக்கத்துக் குரல்

“பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொள்கிறாய். ஞாயிறுதோறும் தேவாரப் பண் பாடப் போகிறாயாமே!”

தேநீர்க்கடையில் நண்பன் கேட்டான். பாதி கேலி, பாதி கேள்வி. கேலிக்குச் சிரிப்பால் விடை சொல்லலாம். கேள்விக்குச் சிரிப்பு விடையாகாது. அன்று நான் சொன்ன விடை அரைகுறை. முழு விடை கிடைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியன். கல்லூரியில் வரலாறு படித்தவன். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லித் தருபவன். மாலையில் படிப்பகம், விடுமுறையில் கூட்டம், சொற்பொழிவு என்று பொழுது போகும். பாட்டென்றால் எனக்குத் திரைப்பாட்டும் மேடைப்பாட்டும்தான். கச்சேரி என்ற சொல் காதில் விழுந்தால், வெற்றிலைச் செல்லமும், முன்வரிசையில் அமர்ந்து தொடை தட்டும் பெரிய மனிதர்களுமே கண்முன் தோன்றுவர். அந்த முன்வரிசையில் என் பாட்டனுக்கு இடம் இருந்ததில்லை. ஆகவே அந்த இசையில் எனக்கும் பங்கில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை, படித்து முடித்த நூலைத் திருப்பித் தர நூலகம் சென்றேன். மாடியிலிருந்து பாட்டு வந்தது. ஒரு குரலன்று, பல குரல். ஏறிப் பார்த்தேன். முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற அஞ்சல்காரர், தையற்காரர், அரசு மருத்துவமனைச் செவிலி, அரிசி ஆலைக் கணக்கர், கடைவீதியில் பூ விற்கும் அம்மா, கல்லூரி மாணவர்கள் சிலர். அவர்களோடு என் வகுப்புப் பிள்ளைகள் இருவர்! நடுவே பழைய ஆர்மோனியம் ஒன்றை வைத்துக்கொண்டு, இசையாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஊரார் அவரை ‘ஐயா’ என்பர்.

அவர்கள் பாடிக்கொண்டிருந்தது சிலப்பதிகாரத்தின் கானல்வரி. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பகுதி. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழெடுத்துப் பாடிப் பிரிந்த கதையை, ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிந்திருந்தேன். அது பாடுவதற்காகவே எழுதப்பட்டது என்பதை அன்று மாலைதான் என் காது அறிந்தது.

“நிற்பதற்கு இடம் இருக்கிறது, வாத்தியாரே!” என்றார் ஐயா. நின்றேன்.

நம் மரபில் கூடிப் பாடுவதென்றால், எல்லாரும் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் பாடுவதுதான். பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் ஒலித்து இணைவது மேலைநாட்டு முறை. எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களை அம்முறையில் ஒலிக்கச் செய்தார். திரைப்பட இசையமைப்பாளரும் தொழிற்சங்கத் தலைவருமாக விளங்கிய அவர் 1988இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் பின்னர் தோன்றிய சிறு குழுக்களுள் எங்களுடையதும் ஒன்று.

பெண்களில் மேற்குரல், கீழ்க்குரல்; ஆண்களில் மேற்குரல், கீழ்க்குரல் என்று நான்கு அணிகள். என்னைக் கீழ்க்குரலில் நிறுத்தினார் ஐயா. எனக்குப் பக்கத்தில் நின்றவர் மின்வேலை பார்க்கும் இளைஞர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். நல்ல கனத்த குரல். பறை வாசிப்பதிலும் வல்லவர். நான் சுருதி தவறும்போதெல்லாம் மெல்ல என் பக்கம் சாய்ந்து பாடுவார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு என் குரல் கரை சேரும். நீச்சல் தெரியாதவன் வாழைத்தண்டைப் பற்றுவதுபோல அவரைப் பற்றியே நான் பாடக் கற்றேன்.

ஐயா கற்றுத் தந்த முதல் விதி சுரமன்று, தாளமுமன்று. “பக்கத்தில் நிற்பவரின் குரல் உன் காதில் விழவேண்டும். விழவில்லையென்றால், நீ தேவைக்குமேல் கத்துகிறாய் என்று பொருள். அவர் குரல் மட்டுமே விழுகிறதென்றால், நீ பாடவேயில்லை என்று பொருள்.” அவ்வளவுதான். மேடைதோறும் சமத்துவம் பற்றி முழங்கியிருக்கிறேன் நான்; இவ்வளவு சிக்கனமாக அதைச் சொன்னதில்லை.

பாடல்கள் பல வகை. புறநானூற்றுப் பாடல்கள், குறள், கானல்வரி, முத்துத்தாண்டவர் கீர்த்தனை, அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், பாரதிதாசன் பாடல்கள். தமிழில் பாடினால் அது உயர்ந்த இசையாகாது என்று செருக்கியோர் இருந்த நாளில், அதை மறுத்துச் சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததே, அந்தப் போராட்டத்தால் வெளிச்சத்துக்கு வந்த செல்வம் இதில் பெரும்பகுதி. அதற்கப்பால், பெத்தோவன் தம் செவி முற்றும் அடைபட்ட நிலையில் 1824இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பனியின் மெட்டும், ஜோகன் செபாஸ்டியன் பாக் அமைத்த நாற்குரல் பாட்டொன்றும் உண்டு. இவ்விரண்டையும் சொல்லில்லாமல் ‘ஆ’ என்றே பாடுவோம்.

மூன்றாம் ஞாயிறன்று ஐயா தேவாரப் பண் ஒன்றை எடுத்தார். என் வாய் மூடிக்கொண்டது. ஐயா கண்டுகொண்டார். பயிற்சி முடிந்தபின் அருகழைத்தார்.

“தொண்டை கட்டிவிட்டதோ?”

“இல்லை ஐயா. கொள்கை தடுக்கிறது.”

அவர் சினங்கொள்ளவில்லை. “பாடாமல் நிற்க உமக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்று கேளும். இந்தப் பண்களைக் காத்தவர் யார் தெரியுமா?”

பிறகு அவர் சொன்ன செய்திகளை வீடு திரும்பி நூல்களில் தேடிப் படித்தேன். சம்பந்தரோடு யாழ் வாசித்துத் திரிந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாணர் குலத்தவர். திருவாரூரில் அவர் உள்ளே செல்ல, வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது என்கிறது பெரியபுராணம். இறைவனே வகுத்தான் என்று புராணம் மகிழ்கிறது. ஊரார் செல்லும் வாயில் இருக்க, இவருக்கு மட்டும் வேறு வாயில் ஏன் என்று நாம் கேட்கிறோம். பின்னர்ப் பதிகங்களின் பண் மறந்துபோன காலத்தில், அவற்றுக்குப் பண் வகுத்துத் தந்தவர், அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. வாயிலுக்கு வெளியே நின்ற குலத்தின் பெண்ணொருத்தி, உள்ளே இருந்தோர் தொலைத்ததை மீட்டுக் கொடுத்தாள்! புராணம் வரலாறாகாது என்பதை அறிவேன். ஆயினும் தனக்கு ஆதாயமில்லாத உண்மையொன்றைப் புராணம் வாய்தவறிச் சொல்லுமானால், அதைக் குறித்துக்கொள்வது வரலாறு படித்தவன் கடமையன்றோ?

“அந்தப் பாக்கின் பாட்டை நீர் தடையின்றிப் பாடுகிறீரே, அதுவும் கிறித்துவின் சிலுவைப் பாட்டுத்தான்,” என்றும் சொன்னார் ஐயா. “ஆனால் மெட்டு அவருடையதன்று. ஹாஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட காதற்பாட்டின் மெட்டு. காதலியை எண்ணிக் கலங்கியவனின் பாட்டைத் தேவாலயம் எடுத்துக்கொண்டது. மெட்டு முதலில் மனிதனுடையது, தம்பி.”

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அகத்திணையின் தலைவனைத்தானே நம் பக்திப் பாவலரும் இறைவனாக்கினர்? கடவுளுக்கென்று கட்டிய வீடுகளுக்குக் கல் சுமந்தவனும் மனிதன், பாட்டுக் கட்டியவனும் மனிதன். கல்லைச் செதுக்கிய கைத்திறனை வியக்கும் நான், பண்ணைச் செதுக்கிய செவித்திறனை மட்டும் ஏன் வெறுக்க வேண்டும்? பாடுவதென்றால் நம்புவதென்று பொருளில்லை. நாடகத்தில் அரசனாக நடிப்பவன் முடியாட்சியை ஆதரிப்பவன் ஆவானா? அடுத்த ஞாயிறு வாய் திறந்தேன்.

நண்பன் விடவில்லை. “சரி, பக்தியை விடு. செவ்வியல் இசை செல்வர் வீட்டுச் சொத்து. உழைப்பவனுக்கு அது எதற்கு?” என்றான்.

அவனுக்கு நான் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளரைக் காட்டினேன். 1872இல் தென் வேல்சின் நிலக்கரிச் சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் சார்ந்த உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து 450க்கும் மேற்பட்டோர் திரண்டு, இலண்டன் படிக மாளிகையில் நடந்த இசைப் போட்டிக்குச் சென்றார்கள். நடத்திச் சென்றவர் கிரிபித் ரைஸ் ஜோன்ஸ். கரடாக் என்பது அவர் புனைபெயர். சம்மட்டி பிடித்த கொல்லர் அவர். அவ்வாண்டு அவர்களை எதிர்க்க எவரும் வரவில்லை. 1873இல் இலண்டன் குழுவொன்று எதிர்த்து நின்றது. அதையும் வென்று கோப்பையோடு ஊர் திரும்பினர். பகலில் பூமிக்கடியில் கரி வெட்டியவர்கள் மாலையில் கேண்டலையும் மெண்டல்சோனையும் பாடினார்கள்!

எப்படி முடிந்தது? ஐந்து கோடுகளில் புள்ளி குத்தி எழுதும் இசைக்குறி, கற்கவும் கடினம், அச்சிடவும் செலவு. நார்விச் நகரப் பள்ளி ஆசிரியை சாரா குளோவர் வகுத்த எளிய முறையை எடுத்து, ஜான் கர்வன் என்னும் பாதிரியார் 1840கள் தொட்டுச் செம்மைப்படுத்திப் பரப்பினார். சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை அது. நாம் ச, ரி, க, ம என்று எழுதுவது போன்றதுதான். மலிவான தாளில், சாதாரண அச்செழுத்தில், உழைப்பாளியின் சட்டைப்பைக்குள் இசை சென்றது. பூட்டியிருந்த பெட்டிக்குச் சாவி கிடைத்தது. அதைச் செய்து தந்தவர்களுள் முதல்வர் பள்ளி ஆசிரியை ஒருவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

நண்பன் தேநீரைக் குடித்து முடித்தான். “வேல்சில் சாதி இல்லை,” என்றான்.

அவன் கூற்றின் கனம் சில திங்களில் எனக்கு விளங்கிற்று.

அண்டை நகரத்தில் இசைவிழா ஒன்று. எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். பெரிய மேடை, நல்ல ஒலிபெருக்கி, புதிய ஆர்மோனியம் வாங்கப் போதுமான தொகை. நந்தனார் சரித்திரப் பாடல்கள் கட்டாயம் வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் பயின்றோம். அந்தப் பாடல்களுக்கு மத்தளத்தைவிடப் பறையே பொருந்தும் என்பது ஐயாவின் துணிபு. என் பக்கத்துத் தோழர் பறையெடுத்து நடுவே நிற்பார். அந்த முழக்கத்தில் நூலக மாடியின் சன்னல்கள் அதிரும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னர் ஐயாவின் கைப்பேசி ஒலித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனைக் குரல் மிகப் பணிவாகவே பேசிற்று. “பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும். மிருதங்கத்துக்கு நாங்களே ஆள் தருகிறோம். அந்தப் பறை மட்டும் மேடைக்கு வேண்டாம். சாவுக்கு அடிப்பது, மங்கல மேடையில் வைத்தால் பெரியவர்கள் சிலர் வருந்துவார்கள். அந்தத் தம்பியும் கீழே அமர்ந்து கேட்கட்டுமே.”

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெரியபுராணத்து நந்தனார் யார்? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்தவர். அளித்தவர் வெளியே நிற்க, அவர் அளித்த தோல் உள்ளே முழங்கிற்று. உள்ளே செல்ல அவர் தீயில் மூழ்க வேண்டியிருந்தது. சேக்கிழார் சொல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரைப் படைத்து, அவர் கொடுமையைப் பாட்டில் ஏற்றினார் 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதி. அந்தப் பாட்டைக் கேட்டு உருகக் கண்ணீர் வைத்திருப்போர், நந்தனின் வழியில் வந்தவரைக் கீழே உட்காரச் சொல்கிறார்கள். நந்தனைப் பற்றிய பாட்டு வேண்டும், நந்தன் வேண்டாம்!

மாடியில் அமைதி. ஐயா எங்கள் முகங்களைப் பார்த்தார். “நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றார்.

“ஒருநாள்தானே?” என்றார் ஒருவர். “முதற்பெரிய மேடை. மறுத்தால் இனி யார் அழைப்பர்?” என்றார் இன்னொருவர். பறைத் தோழரோ தலை நிமிராமல், “என் பொருட்டு யாரும் நிற்க வேண்டாம். எனக்கு இது புதிதன்று,” என்றார்.

புதிதன்று! அந்த ஒரு சொல் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. ஆம், ஒளிக்காமல் சொல்கிறேன். கூட்டங்களில் சாதி ஒழிப்புப் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்தக் கணம் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என் மாணவர் இருவர் மூன்று மாதம் உழைத்திருக்கிறார்கள். அந்த மேடை அவர்களுக்கு ஒரு திறப்பாகுமே. கண்டனத்தைப் பிறகு கடிதமாக எழுதலாமே என்றெல்லாம் எண்ணினேன். கோழைத்தனம் எப்போதும் கோழைத்தனம் என்ற பெயரோடு வருவதில்லை. பிறர் நன்மை என்ற சால்வை போர்த்தியே வருகிறது.

எழுந்தவர் பூ விற்கும் அம்மா. நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நெற்றி நிறைய நீறு. தேவாரம் பாடும்போது கண் கலங்குபவர். அவரை உள்ளூர நான் இரங்கத்தக்கவராக எண்ணியதுண்டு.

“ஒரு வருடமாக அவன் பக்கத்தில் நின்று பாடினோம். இப்போது அவனைக் கீழே உட்கார வைத்துவிட்டு நந்தன் பாட்டைப் பாடினால், அது என் தொண்டையில் இறங்குமா? நான் வரவில்லை, ஐயா.”

நீறு பூசிய நெற்றி பேசிற்று. நீதி பேசிப் பழகிய நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பின்தான் நானும் எழுந்தேன். இரண்டாவதாக எழுவது எளிது.

கை தூக்கச் சொன்னார் ஐயா. செல்ல வேண்டாம் என்று 21 கைகள். செல்லலாம் என்று 9. தோழர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

அன்றிரவு நான் படித்தது பெர்லின் நகரத்துச் சிங் அகடமியின் வரலாறு. 1791இல் காரல் ஃபாஷ் தொடங்கிய பாடற்குழு அது. ஆண்களும் பெண்களுமாக நகரமாந்தர் ஒன்றுகூடிப் பாடியது. ஃபாஷுக்குப் பின் அதை நடத்திய செல்டர், கொத்தனார் மகன். தாமும் கட்டடத் தொழில் பயின்றவர். 1750இல் மறைந்த பாக்கின் மத்தேயு பாடுகளை உலகம் மறந்திருந்தது. 1829 மார்ச் 11 அன்று, இக்குழுவின் 150க்கும் மேற்பட்ட குரல்களைக் கொண்டு அதற்கு மறுபிறப்பு அளித்தவர் பீலிக்சு மெண்டல்சோன். வயது 20. யூத மெய்யறிஞர் மோசஸ் மெண்டல்சோனின் பேரன். இன்று உலகெங்கும் பாக் பாடப்படுவதற்கு அந்த மாலை ஒரு பெருங்காரணம்.

செல்டர் மறைந்தபின் குழுவுக்கு அடுத்த தலைவர் யார் என்று 1833இல் வாக்கெடுத்தனர். மெண்டல்சோனுக்கு 88. ரூங்கன்ஹாகன் என்பவருக்கு 148. அனுபவம், வயது எனப் பல காரணம் சொல்லப்பட்டது. பிறப்பும் ஒரு காரணம் என்று எழுதியோர் பலர். அதிலாவது ஐயம் உண்டு. பின்னர் நடந்ததில் ஐயமில்லை. இன்னும் நூறாண்டு கழித்து, இட்லர் ஆட்சியில், 1936இல், லைப்சிக் நகரில் நின்ற மெண்டல்சோன் சிலை யூதர் சிலை என்பதற்காகவே அகற்றப்பட்டது. மறுவார்ப்புச் சிலை அந்நகரில் எழுந்தது 2008இல்தான். பாக்கை மீட்டவனுக்கே அந்தக் கதி!

கூடிப் பாடுவதால் மட்டும் மனிதர் திருந்திவிட மாட்டார் என்பதை அந்தக் கணக்கு எனக்குச் சொல்லிற்று. குரல்கள் இணைவது எளிது. பாட்டு நின்றபின்னும் பக்கத்தில் நிற்கிறோமா என்பதே சோதனை.

விழா நாளன்று அதே மாலை நூலக வாசலில் நின்று பாடினோம். ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எழவில்லை. இரண்டு பேருந்துகள் எங்கள் பாட்டை நடுவே விழுங்கிச் சென்றன. பறை முழங்கத் தொடங்கியதும் கடைவீதி நின்றது. காய்கறிக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். பாடி முடித்தபின் கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. தோழர் முகத்தில் வியர்வை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “இன்று நீங்கள் சுருதி தவறவில்லை.”

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். செல்லலாம் என்று கை தூக்கியோரில் இருவர் பிறகு வரவேயில்லை. இருவரும் கீழ்க்குரலினர். அந்தப் பள்ளம் இன்றும் பாட்டில் கேட்கிறது. புதிய ஆர்மோனியமும் வரவில்லை. என் மாணவருள் ஒருவன், “அந்தப் பெரிய மேடை போயிற்றே, ஐயா” என்று ஏங்கினான். அவனுக்கு நந்தன் கதையைச் சொல்லவில்லை. நான் வாய்மூடி நின்ற கதையைச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை.

நண்பனின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. பகுத்தறிவாளன் பண்ணிசை பாடலாமா? பாடலாம். பாட்டில் எந்தக் கடவுள் இருக்கிறார் என்பதைவிட, பாடும்போது பக்கத்தில் எந்த மனிதன் நிற்கிறான் என்பது பெரிய கேள்வி. அவனை அகற்றிவிட்டுப் பாடும் பாட்டு, புரட்சிப் பாட்டாகவே இருந்தாலும் பொய்ப்பாட்டு. முன்னோர் கட்டிய செல்வத்தைக் கோயிலாரும் செல்வரும் வைத்திருக்கட்டும் என்று நாம் விலகிப்போனால், நட்டம் அவர்களுக்கன்று. உரிமையாளன் தன் வீட்டைத் தானே காலி செய்துகொடுத்த கதையாகும் அது.

உன் ஊரிலும் நூலக மாடி இருக்கும், தோழனே. நான்கு பேர் போதும். சுருதிக்கு ஒரு பெட்டி போதும். முதல் விதியை மட்டும் மறவாதே: பக்கத்துக் குரல் உன் காதில் விழவேண்டும்.

என் நண்பன் இப்போது கீழ்க்குரலில் நிற்கிறான். சுருதி இன்னும் சேரவில்லை, ஆள் சேர்ந்துவிட்டான்.